கேமிங் கம்ப்யூட்டர்: பிராசஸருக்கு ஆயுசு எத்தனை வருஷம்?

சாயங்காலம் ஆறரை மணி. ஷூ கம்பெனி பஸ் மாதனூர் ஹைவே ஓரத்தில் நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போகிறது. டிபன் பையோடு வீட்டுக்குள் நுழையும் அம்மாவுக்காகக் காத்திருக்கிறான், காலேஜ் படிக்கும் மகன்.

“அம்மா, கம்ப்யூட்டரை மாத்தணும்மா. கேம் ஆடினா லேக் ஆகுது. பிராசஸர் பழசாயிடுச்சுன்னு கடை அண்ணன் சொல்றாரு.”

“இப்பதானேடா வாங்கினோம்?”

“அஞ்சு வருஷம் ஆச்சும்மா.”

“ஃப்ரிட்ஜ் பன்னெண்டு வருஷமா ஓடுது. இது மட்டும் என்னடா அஞ்சு வருஷத்துல கிழவனாயிடுச்சு? புதுசு எவ்ளோ?”

“அறுபதாயிரம் ஆகும்...”

அதற்கு மேல் அம்மா பேசவில்லை. பேச்சு அங்கேயே நிற்கிறது.

இது ஏதோ ஒரு வீட்டில் நடந்த கதை அல்ல. எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சி. 2020, 2021-ல் ஆன்லைன் வகுப்பு என்ற பெயரில் வாங்கிய கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் இப்போது ஐந்து வயது. வகுப்பு முடிந்தது, கேம் மட்டும் மிச்சம். பாலாற்றங்கரையில் இருக்கும் மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் ஏராளமான வீடுகளின் வருமானம் தோலையும் ஷூவையும் நம்பி இருக்கிறது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கான வரியை அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்தியதுபோல, கடல் கடந்து ஒரு வரி ஏறினால் இங்கே ஒரு வீட்டின் மாதக் கணக்கே மாறிவிடும். அப்படிப்பட்ட வீட்டில் அறுபதாயிரம் என்பது சின்னத் தொகை இல்லை.

ஆகவே, அம்மா கேட்ட கேள்விக்கு ஒழுங்கான பதில் வேண்டும். பிராசஸர் எத்தனை வருஷத்தில் உண்மையிலேயே பழசாகிறது?

தேய்வதில்லை, பின்தங்குகிறது

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். டயர் தேய்வதுபோல பிராசஸர் தேய்வதில்லை. அதற்குள் சுழலும் பாகமோ, உரசும் பாகமோ கிடையாது. சரியான மின்சாரமும் அளவான சூடும் கிடைத்தால், ஐந்து வருஷத்துக்கு முன்பு எவ்வளவு வேகமோ கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் இன்றும் ஓடும். பெரும்பாலும் அதற்கு முன்னால் ஃபேன், பவர் சப்ளை, ஹார்டு டிஸ்க் ஆகியவைதான் போகும்.

விதிவிலக்கும் உண்டு. இன்டெல் நிறுவனத்தின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றுக்கு அளவுக்கு மீறி வோல்டேஜ் போனதால், அவை நாளடைவில் நிலைகுலைந்தன. கேம் ஆடும்போதே கம்ப்யூட்டர் முடங்கியது. 2024-ல் இன்டெல் அதைச் சரிசெய்யும் அப்டேட்டை வெளியிட்டு, அந்த மாடல்களுக்கான வாரன்டியை மேலும் 2 வருஷம் நீட்டித்தது. அந்த இரண்டு தலைமுறைகளில் ஒன்றை வைத்திருப்பவர்கள் மதர்போர்டின் பயாஸை அப்டேட் செய்துவிட்டார்களா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மற்றபடி, ‘பழசாயிடுச்சு’ என்றால் பிராசஸர் மெதுவாகிவிட்டது என்று அர்த்தமில்லை. கேம்கள் கேட்கும் வேலை கூடிவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் ஃப்ரிட்ஜோடு ஒப்பிட முடியவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு இருந்த அதே பால், அதே தோசைமாவுதான் இன்றும் ஃப்ரிட்ஜுக்குள் போகிறது. கம்ப்யூட்டருக்குள் போகும் கேம் அதே கேம் இல்லை.

ஒரு காலத்தில் மூன்றே வருஷம்

கேம்களின் தேவை எல்லாக் காலத்திலும் ஒரே வேகத்தில் ஏறியதில்லை. 1993-ல் வந்த முதல் பென்டியம் பிராசஸரின் வேகம் 60, 66 மெகாஹெர்ட்ஸ். 2000-ம் ஆண்டு மார்ச்சில் ஏஎம்டி 1 கிகாஹெர்ட்ஸ் பிராசஸரை வெளியிட்டது. ஏழு வருஷத்தில் 15 மடங்கு! அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் மூன்று வருஷத்தில் ஏமாந்துதான் போனார்கள்.

அந்த ஓட்டத்தைச் சூடு நிறுத்தியது. வேகத்தைக் கூட்டக் கூட்டச் சில்லு கொதித்தது. 2004-ல் இன்டெல் தன் அடுத்த அதிவேக பிராசஸர் திட்டத்தையே கைவிட்டது. அதன்பிறகு கம்பெனிகள் வழியை மாற்றின. ஒரே ஆளை வேகமாக ஓடச் சொல்வதற்குப் பதிலாக, இரண்டு ஆள், நான்கு ஆள் என்று உட்கார வைத்தன. அந்த ‘ஆள்’தான் கோர். 2007-ல் வந்த கோர் 2 குவாட் க்யூ6600-ல் 4 கோர் இருந்தது. பத்து வருஷம் கழித்து, 2017 ஜனவரியில் வந்த கோர் ஐ7 7700கே-யிலும் அதே 4 கோர்தான்! ஒவ்வொரு கோரும் நன்றாக வேகம் பெற்றிருந்தது உண்மை; ஆனாலும் பழைய பாய்ச்சல் இல்லை. 2011 ஜனவரியில் வந்த கோர் ஐ5 2500கே-யை ஆறு, ஏழு வருஷம் மாற்றாமல் கேம் ஆடியவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள்.

இதற்கு இன்னொரு காரணம், பிளேஸ்டேஷன். பெரிய கேம்களைத் தயாரிப்பவர்கள் கன்சோல்களையும் மனதில் வைத்தே தயாரிக்கிறார்கள். 2013 நவம்பரில் வந்த பிஎஸ்4-க்குள் இருந்தது 8 கோர் பிராசஸர். ஆனால், அதன் வேகம் வெறும் 1.6 கிகாஹெர்ட்ஸ். அதில் ஓடும் அளவுக்கு ஒரு கேமைச் சுருக்கினால், வீட்டு கம்ப்யூட்டர் அதைச் சுலபமாகத் தாங்கிவிடும். அதனால், அந்த ஏழு வருஷமும் பழைய பிராசஸர்கள் நிம்மதியாக இருந்தன.

2020 நவம்பரில் பிஎஸ்5 வந்ததும் அந்த நிம்மதி முடிந்தது. அதற்குள் இருப்பது 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், ரைசன் குடும்பத்தைச் சேர்ந்த 8 கோர் பிராசஸர். அதுவரை ஆடிய தரை திடீரென்று ஒரு படி உயர்ந்தது. 4 கோர் மட்டும் வைத்திருந்தவர்கள் அப்போதுதான் திணற ஆரம்பித்தார்கள்.

இதிலிருந்து வீட்டுக்குப் பயன்படும் ஒரு கணக்கு கிடைக்கிறது. பிராசஸரின் வயதை மட்டும் பார்த்தால் போதாது. இப்போதைய கன்சோலுக்குப் பக்கத்தில் அது நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 6 கோர், 12 த்ரெட் உள்ள ஒரு 2020-ம் வருஷத்து பிராசஸர் இன்னும் அந்த வரிசையில்தான் நிற்கிறது.

கேம்களே சொல்லும் வயது

ஒவ்வொரு கேமும் வெளியாகும்போது ‘குறைந்தபட்சம் இது வேண்டும்’, ‘இது இருந்தால் நல்லது’ என்று இரண்டு பட்டியல் தருகிறது. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

* ஜிடிஏ 5, கம்ப்யூட்டருக்கு வந்தது 2015 ஏப்ரலில். குறைந்தபட்சம் கேட்டது, 2007-ன் க்யூ6600. வித்தியாசம் 8 வருஷம்.
* சைபர்பங்க் 2077, 2020 டிசம்பரில் வந்தபோது குறைந்தபட்சமாகக் கேட்டது 2012-ன் ஐ5 3570கே. இங்கேயும் 8 வருஷம்.
* அதே சைபர்பங்க், 2023-ல் தன் பட்டியலைத் திருத்தியது. புதிய குறைந்தபட்சம், 2015-ன் ஐ7 6700. மறுபடியும் 8 வருஷம்!
* பேட்டில்ஃபீல்டு 6, 2025 அக்டோபரில் வந்தது. குறைந்தபட்சம், 2017-ன் ஐ5 8400. அதுவும் 8 வருஷம்.
* வேலரண்ட் இன்னும் தாராளம். 2020-ல் வெளியானபோது 2008-ன் கோர் 2 டுவோ இ8400 போதும் என்றது. 12 வருஷம்.

ஆனால், ‘குறைந்தபட்சம்’ என்பது ‘கேம் திறக்கும், ஓடும்’ என்ற அளவுதான். சுகமாக ஆட ‘இருந்தால் நல்லது’ பட்டியலைப் பார்க்க வேண்டும். ஜிடிஏ 5 அந்த இடத்தில் கேட்டது 2012-ன் ஐ5 3470, 3 வருஷம். சைபர்பங்க் முதலில் கேட்டது 2014-ன் ஐ7 4790, 6 வருஷம். திருத்திய பட்டியலில் கேட்டது ஐ7 12700. 2 வருஷம்கூட ஆகாதது. பேட்டில்ஃபீல்டு 6 கேட்பது 2020-ன் ஐ7 10700, 5 வருஷம்.

ஆக, இந்த உதாரணங்களை வைத்துப் பார்த்தால் ஒரு தோராயமான கணக்கு போடலாம். நடுத்தர விலையில், விவரமாகத் தேர்ந்தெடுத்து வாங்கிய பிராசஸர் ஐந்து வருஷம் வரை சுகமாக ஓடும். எட்டு வருஷம் வரை செட்டிங்ஸைக் குறைத்துக்கொண்டு ஓடும். வேலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரியான கேம்கள் மட்டும் ஆடினால் இன்னும் கொஞ்சம் கூடும். ஐந்து வயதில் லேக் ஆகிறது என்றால், உடனே பிராசஸர் மேல் பழி போடக் கூடாது. வேறு யார் குற்றவாளி என்று தேட வேண்டும்.

ஷூ லைனில் யார் மெதுவாக இருக்கிறார்?

இதை மாதனூரில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஷூ கம்பெனியில் கட்டிங் முடிந்து வரும் தோல், தையல் பிரிவுக்குப் போகும். கட்டிங்கில் மணிக்கு 100 ஜோடி வெட்டிக் கொடுத்தாலும், தையலில் 60 ஜோடிதான் தைக்க முடிகிறது என்றால், அன்றைய கணக்கு 60 ஜோடிதான். கட்டிங்குக்கு எத்தனை புது மெஷின் வாங்கிப் போட்டாலும் கணக்கு கூடாது. எந்த இடத்தில் சரக்கு தேங்குகிறதோ அந்த இடத்தைத்தான் சரிசெய்ய வேண்டும்.

கேமும் அப்படித்தான். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எந்தப் பக்கம் போனது, கதவு திறந்ததா என்பதையெல்லாம் கணக்குப் போட்டு ‘வெட்டி’க் கொடுப்பது பிராசஸர். அதைப் படமாகத் ‘தைத்து’ திரைக்கு அனுப்புவது கிராபிக்ஸ் கார்டு. விநாடிக்கு 60 படம் வேண்டும் என்றால், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி விநாடி. 144 படம் வேண்டும் என்றால் சுமார் 6.9 மில்லி விநாடிதான். இரண்டு பேரில் யார் பின்தங்கினாலும் படம் திணறும்.

பின்தங்குவது யார் என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். காசு செலவில்லை.

1. வழக்கமாக ஆடும் கேமைத் திறந்து, எஃப்பிஎஸ் எனப்படும் விநாடிக்கான பட எண்ணிக்கையைத் திரையில் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். கேமிலோ, கிராபிக்ஸ் கார்டின் ஆப்பிலோ எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்பு போட்டிருந்தாலும், ‘விசிங்க்’ ஆனில் இருந்தாலும் முதலில் எடுத்துவிடுங்கள். லேக் ஆகும் இடத்துக்குப் போய் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. கேம் செட்டிங்ஸில் ரெசல்யூஷனை நன்றாகக் குறைத்து, அதே இடத்துக்குப் போங்கள். எண் கடகடவென்று ஏறினால், தேங்கியது கிராபிக்ஸ் கார்டில். பிராசஸர் நிரபராதி. எண் அசையவே இல்லை என்றால், தேக்கம் பிராசஸரிலோ மெமரியிலோதான் இருக்கும்.

3. உறுதிப்படுத்த, ஆடும்போதே டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். ஜிபியு 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் அதுதான் முழு மூச்சில் உழைக்கிறது. ஜிபியு 60 சதவீதத்தில் சும்மா இருக்க, படம் மட்டும் திணறினால், பிராசஸர் வேலை கொடுக்காமல் அதைக் காக்க வைக்கிறது.

ஒரு எச்சரிக்கை: சிபியு வெறும் 40 சதவீதம்தான் காட்டுகிறது, அதனால் பிரச்னை அதில் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். அது எல்லாக் கோர்களின் சராசரி. ஒரே ஒரு கோர் மூச்சுவாங்க ஓடிக்கொண்டிருக்கும். மற்றவை வேடிக்கை பார்க்கும். சராசரியில் அது தெரியாது.

திரையும் கணக்கில் வரும். சாதாரண 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் விநாடிக்கு 60 படத்துக்கு மேல் காட்டாது. அப்படிப்பட்ட மானிட்டரை வைத்துக்கொண்டு, 90 எஃப்பிஎஸ் கொடுக்கும் பிராசஸரை 150 கொடுக்கும் பிராசஸராக மாற்றினால், கண்ணுக்குக் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. அதேபோல, ரெசல்யூஷன் கூடக் கூட கிராபிக்ஸ் கார்டின் சுமைதான் ஏறும். பிராசஸரின் சுமை அந்த அளவுக்கு ஏறாது. 4கே திரையில் ஆடுபவரின் பழைய பிராசஸர், 144 ஹெர்ட்ஸில் வேலரண்ட் ஆடுபவரின் அதே பிராசஸரைவிட அதிக நாள் ‘இளமையாக’ இருப்பது இதனால்தான்.

செலவில்லாத வைத்தியம்

கடைக்குப் போவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு.

தூசும் சூடும்: வேலூர் வட்டார வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை; கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சகஜம். ஹைவே ஓரத்து வீடு என்றால் தூசு இலவசம். பிராசஸர் 90, 100 டிகிரியை நெருங்கினால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பார்ப்பவருக்கு அது ‘பழசாயிடுச்சு’ என்று தோன்றும். கேபினெட்டைத் திறந்து தூசு தட்டி, பிராசஸருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் காய்ந்துபோயிருக்கும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் போட்டாலே பல கம்ப்யூட்டர்கள் எழுந்து ஓடும். கேபினெட்டைச் சுவரோடு ஒட்டி, மேஜைக்கு அடியில் அடைத்து வைக்காதீர்கள்.

மெமரி: 8 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருந்தால், இன்றைய பெரிய கேம்களுக்கு அதுவே முட்டுக்கட்டை. 2 ஸ்டிக்காகப் போட்டால் பிராசஸருக்கு இரண்டு வழியில் தகவல் வரும். 16 ஜிபி இருந்தால் மூச்சு விடலாம். வாங்கிய வேகத்தில் மெமரி ஓடுகிறதா என்று பயாஸில் பாருங்கள். ‘எக்ஸ்எம்பி’ என்ற வசதியை ஆன் செய்யாமலே வருஷக் கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு.

டிஸ்க்: பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கில் கேம் இருந்தால், புது இடத்துக்குள் நுழையும்போதெல்லாம் திணறும். சைபர்பங்க்கின் திருத்திய பட்டியல் எஸ்எஸ்டி கட்டாயம் என்றே சொல்லிவிட்டது.

பின்னணி ஆப்கள்: பிரவுசரில் இருபது டேப், டவுன்லோடு, லைட் எரியும் கீபோர்டுக்கு ஒரு ஆப்... எல்லாம் பிராசஸரின் நேரத்தைத்தான் தின்கின்றன.

எப்போது உண்மையிலேயே மாற்ற வேண்டும்?

இதையெல்லாம் செய்த பிறகும் தேக்கம் பிராசஸரில்தான் என்றால், அல்லது பிராசஸரில் 4 கோர், 4 த்ரெட் மட்டுமே இருந்தால், மாற்றும் காலம் வந்துவிட்டது.

வேகத்துக்குச் சம்பந்தமில்லாமல் பழசாவதும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு மட்டும் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2026 அக்டோபர் வரை நீட்டிக்கப்பட்டன. விண்டோஸ் 11-க்கு, சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல் 8-ம் தலைமுறையோ ரைசன் 2000 வரிசையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 11-ல் வேலரண்ட் ஆட டிபிஎம், செக்யூர் பூட் இரண்டும் ஆனில் இருக்க வேண்டும். பேட்டில்ஃபீல்டு 6-ம் அப்படித்தான். 2017 தொடக்கத்தில் பெருமையாக வாங்கிய ஐ7 7700கே இன்னும் நன்றாக ஓடினாலும், விண்டோஸ் 11 அதை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

ஆனால், ‘டிபிஎம் இல்லை’ என்று திரையில் வந்ததுமே புது கம்ப்யூட்டர் வாங்க ஓட வேண்டாம். 2018-க்குப் பிறகு வந்த பல மதர்போர்டுகளில் அந்த வசதி உள்ளேயே இருக்கும். பயாஸில் ஆஃப் செய்யப்பட்டிருக்கும். ஆன் செய்தால் முடிந்தது.

அப்பர் நல்லா இருந்தா சோல் மட்டும் மாத்து

தோல் ஷூவில் அடிப்பாகம் தேய்ந்தால், அப்பர் நன்றாக இருக்கும்வரை சோல் மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். கம்ப்யூட்டரிலும் அந்த வழி சிலருக்கு உண்டு.

ரைசன் வைத்திருப்பவர்கள் இதில் அதிர்ஷ்டசாலிகள். 2017-ல் முதல் ரைசன் பிராசஸர்கள் உட்கார்ந்த ஏஎம்4 என்ற அதே சாக்கெட்டில்தான், 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-யும் உட்காருகிறது. கேம்களுக்காகவே 96 எம்பி கேஷ் மெமரி வைத்து வந்த பிராசஸர் அது. பழைய போர்டு, பழைய மெமரி, பழைய கேபினெட் எல்லாம் அப்படியே இருக்க, பயாஸை அப்டேட் செய்துவிட்டு பிராசஸரை மட்டும் மாற்றி ஐந்து வருஷப் பாய்ச்சலைப் பெற்றவர்கள் நிறைய. இன்று அந்த மாடலைத்தான் தேட வேண்டும் என்றில்லை. 6 கோர் உள்ள ரைசன் 5 5600 போன்றவையும் அதே சாக்கெட்தான். பயாஸ் அப்டேட்டை, பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே செய்துவிட வேண்டும் என்பது முக்கியம்.

இன்டெல் பொதுவாக இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை சாக்கெட்டை மாற்றிவிடும். 10-ம் தலைமுறை போர்டில் 12-ம் தலைமுறை உட்காராது. ஆனால், அதே தலைமுறையில் ஐ3-லிருந்து ஐ5, ஐ7-க்கு ஏறலாம். உங்கள் போர்டு மாடலின் பெயரைப் பார்த்து, தயாரித்த கம்பெனியின் இணையதளத்தில் ‘சிபியு சப்போர்ட்’ பட்டியலைத் திறந்தால் எது உட்காரும் என்று தெளிவாக இருக்கும். அந்தப் பட்டியலைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

மாதனூருக்கு ஒரு வசதி உண்டு. ஹைவேயில் ஒரு பக்கம் போனால் சென்னை ரிச்சி தெரு. மறுபக்கம் போனால் பெங்களூரு எஸ்.பி. ரோடு. பழைய பாகங்கள் இரண்டு இடத்திலும் கிடைக்கும். செகண்ட்ஹேண்டில் வாங்க ஓரளவு பயமில்லாத பாகம் என்றால் அது பிராசஸர்தான். ஏஎம்4 பிராசஸரின் அடியில் பின்கள் வளையாமல் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கடையிலேயே போர்டில் மாட்டி, கால் மணி நேரமாவது ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முன்பு சொன்ன இன்டெல் 13, 14-ம் தலைமுறை மாடல்களைப் பழையதாக வாங்கும்போது மட்டும் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

பவர் சப்ளையைப் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள். மலிவான பவர் சப்ளை போகும்போது தனியாகப் போகாது. கூட யாரையாவது கூட்டிக்கொண்டுதான் போகும்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது. இன்றைய லேப்டாப்களில் பிராசஸர் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். மெமரி, எஸ்எஸ்டி மாற்றலாம், அதுவும் சில மாடல்களில்தான். கேமிங் லேப்டாப் வாங்கும்போது முதல் நாளே நல்ல பிராசஸராக வாங்க வேண்டியது இதனால்தான்.

புதுசுதான் வாங்கணும் என்றால்...

விலை உச்சத்தில் இருக்கும் பிராசஸரை வாங்கினால் பத்து வருஷம் வரும் என்று நினைப்பது பெரும்பாலும் நஷ்டக் கணக்கு. கேமுக்காக மட்டும் என்றால், நடுத்தர விலையில் 6 கோர் அல்லது 8 கோர் பிராசஸர் வாங்கி, மீதிப் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுவதுதான் புத்திசாலித்தனம். அடுத்த பிராசஸரும் உட்காரக்கூடிய சாக்கெட்டா என்று கேட்டு வாங்குங்கள். 2022-ல் வந்த தன் ஏஎம்5 சாக்கெட்டை 2027-க்கு அப்பாலும் தொடர்வதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது.

அவசரப்படாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சில்லுகளை அள்ளிக்கொண்டு போக, 2025 கடைசியில் மெமரி விலை உலகம் முழுக்க எகிறியது. மைக்ரான் நிறுவனம், வீட்டு உபயோகிப்பாளர்களுக்கான தன் ‘க்ரூஷியல்’ மெமரி வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இன்றைய புதிய பிராசஸர்களில் பெரும்பாலானவை டிடிஆர்5 மெமரிதான் கேட்கும். பழைய டிடிஆர்4 உங்கள் கையில் இருந்தால், அதோடு ஓடும் கம்ப்யூட்டரை இன்னும் கொஞ்ச நாள் நீட்டிப்பதே லாபம். ‘வரப்போகும்’ கேமுக்காக இன்றே வாங்குவதும் வேண்டாம். ஜிடிஏ 6-கூட பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்கு என்றுதான் முதலில் அறிவிக்கப்பட்டது. அந்தக் கேம் கம்ப்யூட்டருக்கு வந்து, தன் பட்டியலைச் சொன்ன பிறகு முடிவெடுக்கலாம்.

பழைய பெட்டி எங்கே போகும்?

கேமுக்குப் போதாத பிராசஸர், மற்ற வேலைகளுக்குப் போதாது என்று அர்த்தமில்லை. 2011-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த இலவச லேப்டாப்களில் கேமிங் பிராசஸர் எதுவும் இல்லை; ஆனாலும் படிப்புக்குக் கைகொடுத்தன. எஸ்எஸ்டி ஒன்று போட்டு, தேவைப்பட்டால் லினக்ஸ் ஏற்றினால், தங்கைக்கோ தம்பிக்கோ படிப்புக்கு இன்னும் பல வருஷம் உழைக்கும்.

அதுவும் முடியாது என்றால், குப்பையில் போடாதீர்கள். பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் மின்கழிவு விதிகள், மறுசுழற்சிக்கான பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீதே வைத்திருக்கின்றன. சர்க்யூட் போர்டுகளை எரித்தாலும் ஆசிட்டில் போட்டாலும் வெளியேறும் நஞ்சு, மண்ணுக்கும் தண்ணீருக்கும்தான் போகும். கழிவு ஒரு ஆற்றை என்ன செய்யும் என்று பாலாற்றங்கரையில் பாடம் எடுக்கத் தேவையில்லை. தோல் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதே இந்த வட்டாரத்து மக்கள் தொடுத்த வழக்கில்தான்.

சரி, அம்மாவும் மகனும் என்ன செய்யலாம்?

அந்தக் கம்ப்யூட்டர் 2021-ல் வாங்கியது. உள்ளே இருப்பது 6 கோர், 12 த்ரெட் கொண்ட ஐ5 10400எஃப் என்று வைத்துக்கொள்வோம். பேட்டில்ஃபீல்டு 6-ன் குறைந்தபட்சத்துக்கு அது மேலேதான். விண்டோஸ் 11-ம் ஏற்றுக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேபினெட்டைத் திறந்து தூசு தட்டி, தெர்மல் பேஸ்ட் போடலாம். ரெசல்யூஷனைக் குறைத்து ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம். 8 ஜிபி-தான் இருக்கிறது என்றால் இன்னொரு ஸ்டிக் வாங்கலாம். அதற்கும் மேல் வேண்டுமென்றால், தேக்கம் எங்கே என்று தெரிந்த பிறகு அந்த ஒரு பாகத்தை மட்டும் மாற்றலாம். எதைச் செய்தாலும் அறுபதாயிரத்துக்கு வெகுதூரம் முன்னாலேயே செலவு நின்றுவிடும்.

“அப்போ இன்னும் எத்தினி வருஷம்டா ஓடும்?” என்று அம்மா கேட்டால், அவன் தயங்காமல் சொல்லலாம்:

“ரெண்டு மூணு வருஷம் தாராளமா ஓடும்மா. அதுக்குள்ள எனக்கு வேலை கிடைச்சிடும். அடுத்ததை நானே வாங்கிக்கிறேன்.”